உக்கடத்துக்கு வந்த கடல் நீர்

"கோயமுத்தூர்ல உக்காந்துகிட்டு கடல் பாசி வளர்க்கப் போறியாம்மா?" என்றுதான் என் ஆராய்ச்சி வழிகாட்டி முதலில் கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் கல்லூரியிலிருந்து மிக அருகில் இருக்கும் கடற்கரைக்கே பாலக்காட்டைத் தாண்டி அரை நாள் போக வேண்டும். கடலைப் பற்றி ஆராய நினைக்கிறவர்கள் தூத்துக்குடிக்கோ சென்னைக்கோ போவார்கள். என்னை அப்படி அனுப்பும் நிலையில் வீடு இல்லை. அப்பாவுக்குத் துடியலூரில் கொஞ்சம் நிலம். நான் ஒரே பெண். அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. தினமும் வீட்டுக்குத் திரும்பி வருகிற மாதிரியான படிப்பாக இருந்தால் படி என்றார் அப்பா.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். அதற்கு முந்தைய வருடம் முதுகலை வகுப்போடு வால்பாறைக்குப் போயிருந்தோம். தேயிலைச் செடிகளுக்கு நடுவே முதுகில் மருந்துத் தொட்டியைச் சுமந்தபடி ஆட்கள் களைக்கொல்லி அடித்துக்கொண்டிருந்தார்கள். சரிவின் அடியில் ஒரு ஓடை ஓடியது. இந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டேன். மேற்கே இறங்கி, கேரளாவுக்குள் நுழைந்து, கடைசியில் அரபிக்கடலில் சேரும் என்றார் உடன் வந்த ஆசிரியர். மற்றவர்கள் எல்லோரும் புகைப்படம் எடுத்துக்கொள்ளப் போய்விட்டார்கள். எனக்கு அந்த ஓடை மனதில் தங்கிவிட்டது. களைக்கொல்லி செடியைக் கொல்வதற்காகச் செய்யப்பட்டது. கடலிலும் செடிகள் உண்டு. கண்ணுக்குத் தெரியாத அளவில், தண்ணீரில் மிதந்துகொண்டு, வெயிலைக் குடித்து வளர்கிற மிதவைப் பாசிகள். மீன் குஞ்சுகளுக்கும் கூனி இறால்களுக்கும் அவைதான் சோறு. மலையில் அடிக்கிற மருந்தில் ஒரு துளி அவற்றிடம் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் நான் அளக்க விரும்பினேன்.

பாசிக்கு வழி கிடைத்தது. கடற்கரையில் இருந்த ஓர் ஆய்வு நிலையத்திலிருந்து ஒரு சிறிய குப்பியில் வாங்கி வந்தேன். வளர்க்க இடமும் கிடைத்தது. துறையின் பழைய ஸ்டோர் ரூமைக் காலி செய்து, இரண்டு டியூப் லைட்டும் இரைச்சல் போடும் ஒரு ஏசியும் கொடுத்தார்கள். கடல் தண்ணீர்தான் இல்லை. உப்புகளைக் கலந்து செயற்கையாகச் செய்து பார்த்தேன். பாசி வளர்ந்தது, ஆனால் மனமில்லாமல் வளர்ந்தது. வாரம் ஒருமுறை நானே ரயிலேறிப் போய்க் கொண்டுவருவது நடக்கிற காரியமில்லை.

உக்கடம் மீன் சந்தை நினைவுக்கு வந்தது அப்போதுதான். கேரளக் கரையிலிருந்து தினமும் அங்கே லாரி வருகிறது. ஐஸும் மீனும் வரும் வண்டியில் இரண்டு கேன் தண்ணீர் வராதா?

முதல் பஸ்ஸைப் பிடித்து ஆறு மணிக்குப் போய் நின்றேன். ஈரத்தரையில் செருப்பு வழுக்கியது. நாலைந்து வியாபாரிகளிடம் கேட்டேன். மீன் வாங்க வந்தவள் என்று நினைத்து விலை சொன்னார்கள். தண்ணீர் வேண்டும் என்றதும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்காமல் இருந்தவர் ஒருவர்தான். நாற்பது, நாற்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளைத் தொப்பி, முழங்கால் வரை மடித்துக் கட்டிய லுங்கி. கோட்டைமேட்டுக்காரர். எல்லோரும் அவரைப் பாய் என்றே கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன்.

"எத்தனை நாளைக்கு ஒருக்கா வேணுங் அம்மணி?" என்று கேட்டார்.

"வாரம் ஒருக்காப் போதுங்க. கரை ஓரத்துத் தண்ணி வேண்டாம். படகு கடலுக்குள்ள போறப்ப மொண்டா நல்லதுங்க."

"படகுக்காரங்ககிட்டச் சொல்லிப்போடலாம். அதை வெச்சு என்ன பண்ணுவீங்?"

சொன்னேன். பாசியை மீன் குஞ்சு தின்கிறது, குஞ்சைச் சிறுமீன் தின்கிறது, சிறுமீனை அவர் கூடையில் கிடக்கும் அயிலையும் வஞ்சிரமும் தின்கின்றன என்றேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப என் பொழப்பே அந்தப் பாசி மேலதான் நிக்குதுன்னு சொல்லுங்" என்றார்.

அடுத்த வாரமே தண்ணீர் வந்தது. கேனைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் மூடியை முகர்ந்து பார்த்து, மண்ணெண்ணெயா என்றார். கடல் தண்ணீர் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கேனுக்கும் ஒரு டிக்கெட் கிழித்தார். இதை நான் பாயிடம் சிரித்துக்கொண்டே சொல்ல, அதற்கடுத்த வாரத்திலிருந்து அவரே மொபெட்டில் வைத்துக் கல்லூரி வாசலில் இறக்கிவிட்டுப் போனார். நான் கழுவி வைத்த காலிக் கேனை எடுத்துக்கொள்வார், நிறைந்த கேனைத் தருவார். காசு கொடுத்தால் வாங்க மாட்டார்.

என் வேலை இப்படி. தண்ணீரை வடிகட்டி, கொதிக்க வைத்து ஆற்றி, ஆறு கண்ணாடிக் குடுவைகளில் ஊற்றுவேன். ஒவ்வொன்றிலும் பாசியைச் சம அளவில் விடுவேன். முதல் குடுவையில் மருந்து கிடையாது. இரண்டாவதில் மிகக் கொஞ்சம், மூன்றாவதில் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக, இப்படி ஆறு வரை. தினமும் ஒரே நேரத்தில் ஒவ்வொரு குடுவையிலிருந்தும் ஒரு துளி எடுத்து, கட்டம் கீறிய கண்ணாடிச் சில்லில் விட்டு, நுண்ணோக்கியில் எண்ணுவேன். ஆரோக்கியமான குடுவை ஒரே வாரத்தில் இளந்தேநீர் நிறத்துக்கு வந்துவிடும். அந்த நிறம் கூடுவதைப் பார்க்கவே காலையில் சீக்கிரம் ஓடுவேன். அம்மா போன பிறகு என் கையில் ஏதோ ஒன்று வளர்கிறது என்ற எண்ணம் எனக்கு வேண்டியிருந்தது. இதை அப்போது யாரிடமும் சொன்னதில்லை.

நான்கு மாதம் நன்றாகப் போயிற்று. பிறகு ஒரு வாரம் எந்தக் குடுவையிலும் நிறம் ஏறவில்லை. மருந்து இல்லாத முதல் குடுவையிலும்தான். அதுதான் என்னைப் பயமுறுத்தியது. மருந்து விட்டது வளரவில்லை என்றால் அது கணக்கு. மருந்தே விடாதது வளரவில்லை என்றால் நான் செய்வதில் ஏதோ தவறு.

மறுபடி தொடங்கினேன். மறுபடியும் அப்படியே. டியூப் லைட்டை மாற்றினேன். பாசிக்கு விடும் உரக்கலவையைப் புதிதாகச் செய்தேன். குடுவைகளை அமிலத்தில் ஊறவைத்துக் கழுவினேன். குளிக்கும்போது போடும் சோப்பின் வாசனை கையில் இருக்குமோ என்று வெறும் தண்ணீரில் குளித்துவிட்டுக்கூட வந்தேன். ஒன்றரை மாதம் போயிற்று. முதலில் வாங்கி வந்து குளிர்பெட்டியில் பத்திரப்படுத்திய தாய்க் குப்பி மட்டும் உயிரோடு இருந்தது. "இன்னும் ஒரு மாசம் பார்ப்போம். இல்லன்னா தலைப்பை மாத்திக்கலாம்மா" என்றார் வழிகாட்டி, கடிந்துகொள்ளாமல்.

ஒரு காலை, புதிதாக வந்த கேனைத் திறக்கும் முன் எதேச்சையாகக் குலுக்கினேன். மூடியைத் திறந்தபோது நுரை நின்றது. கடல் தண்ணீரும் நுரைக்கும், ஆனால் உடனே அடங்கிவிடும். இது அடங்கவில்லை. குனிந்து முகர்ந்தேன். உப்பு வாசனைக்கு அடியில் மெல்லிசாக எலுமிச்சை மணம்.

அன்று மதியமே கோட்டைமேட்டுக்குப் போனேன். பாய் சொன்ன அடையாளத்தை வைத்து வீட்டைக் கண்டுபிடித்தேன். கதவு திறந்தே இருந்தது. முற்றத்துக் குழாயடியில் ஒரு பெண் மணைப்பலகை போட்டு உட்கார்ந்து, என் இன்னொரு கேனைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சோப்புத்தூள் கிண்ணம். என்னைப் பார்த்ததும் தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"காலேஜ் புள்ளதானே? வா கண்ணு, உள்ள வா. அவுங்க சொல்லிச் சொல்லி எனக்கு உன்னைத் தெரியும்."

பாயின் மனைவி. எனக்கு அக்கா முறை சொல்லத்தான் தோன்றியது. உட்கார வைத்து டீ போட்டுக் கொடுத்தார். ஒருநாள் லாரியில் கேன் மேல் மீன் தண்ணீர் கொட்டி ஒரே நாற்றமாக வந்ததாம். படிக்கிற பிள்ளைக்கு இப்படியா கொடுப்பது என்று அவருக்கு மனம் கேட்கவில்லையாம். அன்றிலிருந்து நான் கழுவி அனுப்புவதையும் அவர் ஒருமுறை தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்த பிறகே லாரிக்கு அனுப்புகிறார்.

"போர் உப்புத் தண்ணியில அலசுனா திட்டுத் திட்டா நிக்குது. அதுக்கோசரம் சிறுவாணித் தண்ணிதான் ஊத்தறது" என்றார்.

அந்த வீட்டுக்குச் சிறுவாணித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். குடிக்கப் பிடித்து வைத்த குடத்திலிருந்து எடுத்து என் கேனைக் கழுவியிருக்கிறார். சோப்புதான் பாசியைக் கொல்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டீயைக் குடித்துவிட்டு, சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தேன் என்று சொல்லித் திரும்பிவிட்டேன்.

பாயிடமும் நான் நேராகச் சொல்லவில்லை. புதுக் கேன் இரண்டு வாங்கி, இனி இவற்றைக் கழுவ வேண்டாம், நேராக லாரியில் போட்டுவிடுங்கள் என்றேன். அவர் தலையாட்டினார். அடுத்த வாரம் கேனை இறக்கி வைத்த பிறகும் போகாமல் மொபெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஊட்டுல கேக்கறாங் அம்மணி. நாம கழுவுனது சரியில்லீங்களான்னு. ரெண்டு நாளா மொகமே சரியில்லீங்."

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. நுரையைப் பற்றியும் ஒன்றரை மாதத்தைப் பற்றியும் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார்.

"இதை நான் போய்ச் சொல்ல மாட்டனுங். நான் சொன்னா வையற மாதிரி ஆயிரும். நீங்களே வந்து சொல்லுங். நீங்க சொன்னா தாங்கிக்குவாங்."

அன்று மாலையே அவரோடு போனேன். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். நான் முடித்ததும் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு, "எத்தனை செத்துப்போச்சு கண்ணு?" என்று கேட்டார்.

ஒரு துளியிலேயே ஆயிரக்கணக்கில் இருக்கும். "அதெல்லாம் எண்ண முடியாதுங்க்கா. திரும்ப வளர்த்துக்கலாம்" என்றேன்.

"பாசின்னா, தொட்டியில புடிச்சு வழுக்குமே, அதா?"

"அதுக்குச் சொந்தக்காரங்கதானுங்க்கா."

"எனக்கு ஒருக்காக் காட்டுவியா?"

ஞாயிற்றுக்கிழமை பாய் அவரைக் கல்லூரிக்குக் கூட்டிவந்தார். வாட்ச்மேனிடம் சொல்லி உள்ளே அழைத்துப் போனேன். தாய்க் குப்பியிலிருந்து ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்தேன். அக்கா முதலில் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டார். பிறகு ஒன்றைத் திறந்தார். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குத் தெரியும் அவர் என்ன பார்க்கிறார் என்று. கண்ணாடியில் செய்த மாதிரி சின்னச் சின்னப் பெட்டிகள், கைகோத்துக்கொண்டு வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் பொன்னிறத்தில் ஒரு புள்ளி.

"மஞ்சக் கயித்துல பாசிமணி கோத்த மாதிரி இருக்குது" என்றார். கண்ணை எடுத்தபோது ஈரமாக இருந்தது. அதிகநேரம் பார்த்ததால் என்று சொல்லிக்கொண்டார். பாயும் பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆனால் தெரிகிறது என்றார்.

அன்று வீட்டில் சாப்பிடும்போது அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அப்பா ரசத்தைப் பிசைந்துகொண்டே, "சோப்பு அத்தனை பொல்லாததா கண்ணு? நாங்க களைக்கு மருந்தடிக்கறப்ப ஒரு கை சோப்புத்தூள் போட்டுத்தானே கலக்கறம்" என்றார்.

"எதுக்குங்ப்பா?"

"அப்பத்தான் இலையில ஒட்டும். இல்லீன்னா உருண்டு ஓடிப்போகும். டப்பாவுக்குள்ளயே அந்த மாதிரி ஏதோ சேத்தித்தான் குடுக்கறாங்கன்னு கடைக்காரரும் சொன்னாரு."

நான் இதுவரை சோதித்தது ரசாயனக் கடையில் வாங்கிய சுத்தமான மருந்துத் தூள். ஆனால் மலையில் அடிப்பது அது அல்ல. ஓடையில் கலப்பதும் அது அல்ல. மருந்தும் ஒட்டவைக்கும் பொருளும் சேர்ந்த கலவைதான் கடலுக்குப் போகிறது. நான் தப்பான கேள்வியைச் சரியாக அளந்துகொண்டிருந்தேன்.

வழிகாட்டியிடம் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, "குடுவையைக் கூட்டிக்கோ" என்றார்.

சுத்தமான மருந்து ஒரு வரிசை. சோப்பு மட்டும் ஒரு வரிசை. இரண்டும் சேர்ந்தது ஒரு வரிசை. ஆறு குடுவை பதினெட்டு ஆயிற்று. எண்ணுவதற்கு ஆள் வேண்டியிருந்தது. அக்காதான் வந்தார். வாரத்தில் மூன்று நாள், மதியச் சமையலை முடித்துவிட்டு, பஸ் பிடித்து வந்துவிடுவார். நான் நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்ல, அவர் தாளில் கோடு போடுவார். நாலு கோடு, குறுக்கே ஒன்று. நான் சொல்வதை அவர் ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை. மின்சாரம் போய் ஏசி நின்றால், நான் சொல்லும் முன்பே ஈரத்துணியைப் பிழிந்து குடுவைகளுக்கு அடியில் விரித்துவிடுவார். கேன்களைக் கழுவும் வேலையையும் அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். மிச்சமிருக்கும் கடல் தண்ணீராலேயே மூன்று முறை அலசுவார், வேறெதுவும் அதன் பக்கத்தில் வராது.

கோடுகள் சொன்ன செய்தி தெளிவாக இருந்தது. மிகக் குறைந்த அளவு மருந்து மட்டும் விட்ட குடுவைகளில் பாசி கொஞ்சம் மெதுவாக வளர்ந்தது. மிகக் குறைந்த அளவு சோப்பு மட்டும் விட்டவற்றிலும் அப்படித்தான். அதே அளவில் இரண்டையும் சேர்த்து விட்டவற்றில் நிறமே வரவில்லை. மூன்று முறை திரும்பச் செய்தேன். மூன்று முறையும் அதேதான். எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. ஆராய்ச்சி செய்கிறவர்களுக்குத் தெளிவான முடிவு கிடைப்பது பெரிய விஷயம்.

அக்காவுக்கு மகிழ்ச்சி இல்லை. அந்தக் கடைசி வரிசைக் குடுவைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இதுகளை இனி என்ன பண்ணுவே?"

"கொட்டிருவேனுங்க்கா."

"உள்ள இன்னும் உசுரு இருக்குமல்ல? நேத்து நீ எண்ணறப்ப நாலஞ்சு சொன்னியே."

"இருக்குங்க. ஆனா வளராது."

"நல்ல தண்ணிக்கு மாத்திப் பாக்கலாமல்ல கண்ணு? மயக்கம் போட்டவங்களைக் காத்தாட வெளிய கொண்டாந்து உக்காரவெக்கறதில்லையா, அந்த மாதிரி."

சிரிக்கத்தான் போனேன். சிரிக்கவில்லை. அவர் கேட்டதை நான் கேட்டிருக்க வேண்டும். மருந்து அடித்த பிறகு மழை வருகிறது, வெள்ளம் வருகிறது, அலை வந்து எல்லாவற்றையும் கலைக்கிறது. கடலில் மருந்து ஒரே அளவில் நிற்பதில்லை. தப்பிப் பிழைத்த பாசி மீண்டும் வளருமா என்பது யாருக்காவது தெரிய வேண்டிய விஷயம்.

கலவை விட்ட ஐந்து குடுவைகளிலிருந்தும் கொஞ்சம் எடுத்து வடித்து, புதிய தண்ணீருக்கு மாற்றினோம். குடுவைகளின் மேல் எண் ஒட்டியது அக்காதான். நான்கு நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாம் நாள் இரண்டாம் குடுவை வெளுப்பு மாறியது. ஏழாம் நாள் மூன்றும் நான்கும். பத்தாம் நாள் நான் வரும்போது, அக்கா எனக்கு முன்பே வந்து ஸ்டோர் ரூம் வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"அஞ்சாம் நம்பரைப் பாரு" என்றார்.

டியூப் லைட்டுக்கு எதிரே தூக்கிப் பிடித்தேன். இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத அளவுக்கு ஒரு சாயல். துளி எடுத்துப் பார்த்தேன். மூன்று பெட்டிகள் கைகோத்து நின்றன. அதில் ஒன்று நடுவில் இடுங்கி இரண்டாகப் பிரிந்துகொண்டிருந்தது. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஆமா, ஆமா" என்றார் மெதுவாக, தூங்குகிற குழந்தை பக்கத்தில் பேசுகிற குரலில்.

ஆறாவது குடுவை வரவில்லை. இன்னும் இரண்டு வாரம் வைத்திருந்தோம். நான் அதைக் கொட்டும்போது அவர் வெளியே போய் நின்றுகொண்டார்.

எல்லாம் எழுதி முடிக்க இன்னும் இரண்டு வருடம் ஆயிற்று. நன்றி சொல்லும் பக்கத்தில் வழிகாட்டிக்கும் துறைத்தலைவருக்கும் நடுவே பாய், அக்கா இருவர் பெயரையும் எழுதியிருந்தேன். தட்டச்சு செய்தவர் தவறாக வந்துவிட்டதோ என்று கேட்டு ஆள் அனுப்பினார். வாய்மொழித் தேர்வுக்குப் பாய் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார், அக்கா கூடவே. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், மீட்சியைப் பற்றிய அத்தியாயம்தான் தனக்குப் பிடித்தது, அந்த யோசனை எப்படி வந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார். நானும் ஆங்கிலத்தில் பதில் சொல்லிக் கடைசி பெஞ்சைக் காட்டினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்ததும் அக்கா பதறிப்போய்ப் பாயின் முகத்தைப் பார்த்தார். "என்ன சொன்னே?" என்று பிறகு என்னிடம் கேட்டார். சொன்னேன். "அதெல்லாம் எதுக்கு அவங்ககிட்ட" என்றார். ஆனால் திரும்பிப் போகும்போது பாயிடம் அதை இரண்டுமுறை சொல்லச் சொல்லிக் கேட்டதாகக் கேள்விப்பட்டேன்.

என் ஆய்வால் மலையில் எதுவும் மாறிவிடவில்லை. முடிவுகளைச் சுருக்கித் தமிழில் எழுதிச் சில எஸ்டேட்டுகளுக்கு அனுப்பினேன், பதில் வரவில்லை. அப்பா மட்டும் சோப்புத்தூள் போடுவதை நிறுத்தினார். வாய்க்கால் ஓரத்தில் மருந்தே அடிக்காமல் ஆள் வைத்துக் களை எடுத்தார். எனக்காகத்தான் செய்தார் என்று தெரியும். ஏன் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த வருடம் எனக்குக் கடற்கரை ஊர் ஒன்றில் கல்லூரி வேலை கிடைத்தது. ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியும் ஆய்வுக்கூடம். கிளம்பிய அன்று அப்பா என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு வந்தார். பாயும் அக்காவும் எங்களுக்கு முன்பே அங்கே நின்றிருந்தார்கள். அப்பாவும் பாயும் மழையைப் பற்றியும் லாரி வாடகையைப் பற்றியும் பேசிக்கொண்டார்கள். அக்கா ஜன்னலோரம் வந்து நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டார். அங்கே வெயில் அதிகமாம், தலைக்கு எண்ணெய் வைக்காமல் இருக்காதே என்றார். பஸ் உறுமியதும் கொஞ்சம் குரலை உயர்த்தி, "லெட்டர் போடு கண்ணு. பெரிய எழுத்தா எழுது. யாரையும் படிக்கச் சொல்லாம நானே படிக்கோணும்" என்றார்.

போய்ச் சேர்ந்த மறுநாள் எழுதினேன். அத்தனை பெரிய எழுத்தில் ஒரு பக்கத்துக்கு ஏழு வரிதான் கொண்டது. நான்கு பக்கம் எழுதினேன்.